பழைய ராணுவ லாரியில் ஹெட்லைட் கோளாறு: அளந்து கண்டுபிடித்துச் சரிசெய்ய முழு வழிகாட்டி

பழைய ராணுவ லாரியின் ஹெட்லைட் எரியவில்லை என்றால் பலரும் முதலில் பல்பை மாற்றுகிறார்கள். அதில் சரிப்படவில்லை என்றால் சுவிட்ச். அதிலும் சரிப்படவில்லை என்றால் பேட்டரியிலிருந்து நேராக ஒரு புது ஒயரை இழுத்து, நடுவில் கைக்குக் கிடைத்த சுவிட்ச் ஒன்றைப் போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அப்படி ஒட்டுப்போட்ட லாரியை அடுத்து வாங்குபவர் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. இந்த லாரிகளின் மின்பாகங்கள் முரட்டு உபயோகத்துக்கென்றே செய்யப்பட்டவை, சுலபத்தில் சாகாது. எர்த் போல்ட் (விளக்கின் மின்சாரம் வண்டியின் உலோக உடல் வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு), கனெக்டர், பிளக்குக்குள் இருக்கும் ஊசி என்று இரண்டு உலோகங்கள் சேரும் இடங்களில்தான் பெரும்பாலும் பழுது ஒளிந்திருக்கும். அந்த இடத்தைப் பிடிக்க மல்டிமீட்டரும் பொறுமையும் போதும். விளக்கை எரியவிட்டபடியே அளக்க வேண்டும் என்பது ஒன்றுதான் முக்கியமான விதி.

இந்த வழிகாட்டிக்கு உதாரணமாக அமெரிக்க ராணுவத்தின் எம்35ஏ2 லாரியை எடுத்துக்கொள்கிறேன். இரண்டரை டன் ரகம், ஆர்வலர்கள் செல்லமாக ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்பார்கள். தனியார் கையில் இன்னும் நிறைய ஓடுவதும் இதுதான். வேறு லாரி வைத்திருப்பவர்கள் ஒயர் எண்களை மட்டும் தங்கள் வண்டியின் வயரிங் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்கும் முறை எல்லா 24 வோல்ட் லாரிக்கும் ஒன்றுதான்.

மின்சாரம் போகும் பாதை

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. நெகட்டிவ் முனை எர்த். பாசிட்டிவ் பக்கத்திலிருந்து வரும் மின்சாரம் ஒரு சர்க்யூட் பிரேக்கரைத் தாண்டி, 15 என்ற எண் போட்ட ஒயர் வழியாக டாஷ்போர்டில் உள்ள மூன்று நெம்புகோல் லைட் சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்சிலிருந்து 16ஆம் எண் ஒயர் கிளம்பி, காலால் மிதிக்கும் டிம்மர் சுவிட்சுக்குப் போகிறது. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது: 17 ஹை பீம், 18 லோ பீம். இவை இரண்டும் முன்பக்கம் போய் இடது, வலது விளக்குகளுக்குக் கிளை பிரிகின்றன. ஒவ்வொரு விளக்கிலும் இரண்டு ஃபிலமெண்ட் (எரியும் இழை), அவற்றுக்குப் பொதுவாக ஒரு எர்த் முனை.

ஒவ்வொரு ஒயரின் முனையிலும் எண் பொறித்த சின்ன உலோகப் பட்டை இருக்கும். பெயின்ட் மூடியிருந்தால் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், எண் தெரியும். இந்தப் பட்டைகள் தங்கம் மாதிரி. எந்த வேலை செய்தாலும் அவற்றைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

முழு வயரிங் படம் டிஎம் 9-2320-361-20 என்ற பராமரிப்புக் கையேட்டில் இருக்கிறது. ஹெட்லைட் பகுதியை மட்டும் பெரிதாக அச்சடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

தேவையானவை

மல்டிமீட்டர், 24 வோல்ட் டெஸ்ட் லைட், 10 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த இரண்டு மீட்டர் ஜம்பர் ஒயர், பித்தளைப் பிரஷ், எமரி தாள், கான்டாக்ட் கிளீனர், மின் இணைப்புகளுக்கான டைஎலக்ட்ரிக் கிரீஸ், விளிம்பில் பல் உள்ள வாஷர்கள், ஒயர் முனையை நசுக்கிப் பொருத்தும் (கிரிம்ப்) கருவி. ஜம்பரில் ஃபியூஸ் இல்லாமல் மட்டும் வேலையில் இறங்காதீர்கள். இந்தப் பேட்டரிகள் தரும் மின்னோட்டத்தில் ஒரு சாதாரண ஒயர் கையில் இருக்கும்போதே பழுக்கக் காய்ந்துவிடும்.

மோதிரம், உலோகப் பட்டை போட்ட கடிகாரம் இரண்டையும் கழற்றி வையுங்கள். எதையாவது பிரிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

பெயின்ட் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. 1980களிலிருந்து அமெரிக்க ராணுவ வண்டிகளுக்கு கார்க் எனப்படும் ரசாயனத் தடுப்பு பெயின்ட் அடித்தார்கள். அதைத் தேய்க்கும்போது வரும் தூசியும், சூடாக்கும்போது வரும் புகையும் நுரையீரலுக்குக் கேடு. அதற்கு முந்தைய பெயின்ட்களில் ஈயம் இருக்கலாம். எர்த் இடத்தைச் சுரண்டும்போது தகுந்த சுவாச முகமூடி போட்டு, இடத்தை ஈரப்படுத்திக்கொண்டு கையால் தேயுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம்.

படி 1: சுவிட்சைச் சரியாகத்தான் போடுகிறீர்களா?

புதிதாக இந்த லாரியை வாங்கியவர்கள் பலர் இங்கேயே தடுமாறுவார்கள். மேலே உள்ள பெரிய நெம்புகோல்தான் பிரதான சுவிட்ச். வலப்புறம் கீழே இருப்பது பூட்டை விடுவிக்கும் நெம்புகோல். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பிரதான நெம்புகோலை ‘சர்வீஸ் டிரைவ்’ நிலைக்குக் கொண்டுபோக முடியும். எதிரிக்கு வெளிச்சம் தெரியாமல் ஓட்டுவதற்கான பிளாக்அவுட் நிலைகள் மறுபக்கம் இருக்கின்றன. அந்த நிலையில் ஹெட்லைட் எரியாது, பின்னால் சாதாரண பிரேக் லைட்டும் எரியாது. பொதுச்சாலையில் தவறிப்போய் அந்த நிலையில் ஓட்டினால் பின்னால் வருபவருக்கு நீங்கள் பிரேக் போட்டதே தெரியாது.

நிலை சரிதான் என்றால், நெம்புகோலைப் பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் தள்ளுங்கள். டிம்மர் சுவிட்சையும் அதேபோல் மிதியுங்கள். விளக்கு ஒரு கணம் மின்னி மறைந்தாலே போதும், எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

படி 2: விளக்கு சொல்வதைக் கேளுங்கள்

இரண்டு பக்கமும், ஹை பீம் லோ பீம் எல்லாமும் செத்திருந்தால், கிளை பிரிவதற்கு முன்னால் உள்ள பொதுப் பாதையில் பழுது. அதாவது பிரேக்கர், 15, லைட் சுவிட்ச், 16, டிம்மர். லோ பீம் எரிகிறது, ஹை பீம் மட்டும் இரண்டு பக்கமும் இல்லை என்றால் டிம்மர் சுவிட்சையோ 17ஆம் எண் ஒயரையோ சந்தேகப்படலாம். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் அந்தப் பக்கத்து பல்பு, கனெக்டர், எர்த் ஆகிய மூன்றில் ஒன்று.

சில வினாடி எரிந்து, அணைந்து, தானே மறுபடி எரிகிறதா? பிரேக்கர் வேலை செய்கிறது என்று அர்த்தம். இந்த லாரியில் இருப்பவை சூடானால் திறந்துகொண்டு, ஆறியதும் தானே மூடிக்கொள்ளும் ரகம். எங்கேயோ ஷார்ட் இருக்கிறது, அல்லது பிரேக்கரே பலவீனமாகிவிட்டது. அதைக் கண்டுபிடிக்காமல் இரவில் வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்து சொல்லப்போகும் அறிகுறிதான் பலரைக் குழப்புவது. லோ பீம் போட்டால் ஒரு பக்கம் நன்றாக எரிகிறது, மறுபக்கம் மங்கலாகச் சிவந்து நிற்கிறது, டாஷ்போர்டில் ஹை பீம் காட்டும் சின்ன விளக்கும் மினுக்கென்று தெரிகிறது. வயரிங்கே பின்னிக்கொண்டுவிட்டது போலத் தோன்றும். நடப்பது இதுதான்: இடது விளக்கின் எர்த் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 18 வழியாக லோ பீம் ஃபிலமெண்டுக்குள் போன மின்சாரம் பொது முனைக்கு வருகிறது. அங்கே எர்த் இல்லை. அதனால் அதே பல்பின் ஹை பீம் ஃபிலமெண்டுக்குள் நுழைந்து, 17ஆம் எண் ஒயரில் தலைகீழாகப் பயணித்து, வலது விளக்கின் ஹை பீம் ஃபிலமெண்ட் வழியாக அந்தப் பக்கத்து எர்த்தைப் பிடிக்கிறது. மூன்று ஃபிலமெண்ட்கள் தொடராக நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 8 வோல்ட். அதனால்தான் அந்தச் சிவப்பு. இந்த அறிகுறியைக் கண்டால் வேறு எதையும் தொடாமல் மங்கலான பக்கத்து எர்த்துக்கு நேராகப் போங்கள்.

படி 3: பேட்டரி

எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து அளந்தால் 25.2 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தனித்தனியாகவும் அளந்து பாருங்கள். ஒன்று 12.7, இன்னொன்று 11.9 என்று வந்தால், யாரோ 12 வோல்ட் ரேடியோவையோ வேறு எதையோ ஒரே பேட்டரியிலிருந்து எடுத்திருக்க வாய்ப்புண்டு. அதை முதலில் கழற்றுங்கள். அந்த ஏற்பாடு ஒரு பேட்டரியைப் பட்டினி போட்டு, மற்றதை அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றி, இரண்டையும் கெடுத்துவிடும்.

படி 4: பல்பு

அசல் பல்பு 7 அங்குல சீல்டு பீம் (கண்ணாடியும் இழையும் பிரிக்க முடியாத ஒரே விளக்காக இருப்பது), 24 வோல்ட் வண்டிகளுக்கானது. பிளக்கைக் கழற்றி, மூன்று முனைகளுக்கு இடையே மாற்றி மாற்றி ஓம் அளவு பாருங்கள். மூன்று ஜோடிகளில் மிக அதிக ஓம் காட்டும் ஜோடிதான் ஹை, லோ முனைகள், ஏனென்றால் அங்கே இரண்டு ஃபிலமெண்டும் தொடராக இருக்கின்றன. மிச்சமிருக்கும் முனை பொது முனை, அதாவது எர்த். எந்த ஜோடியாவது திறந்த சர்க்யூட் காட்டினால் ஒரு ஃபிலமெண்டாவது அறுந்துவிட்டது. குளிர்ந்த ஃபிலமெண்ட் ஒன்றிரண்டு ஓமுக்குள்தான் காட்டும், அதைப் பார்த்து ஷார்ட் என்று நினைத்துவிட வேண்டாம்.

12 வோல்ட் கார் பல்பை இதில் மாட்டினால் ஒரு நொடியில் போய்விடும். இரண்டு 12 வோல்ட் பல்புகளைத் தொடராக மாட்டி ஓட்டும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. ஒன்று செத்தால் இரண்டும் இருட்டு. அப்படி இருப்பதைக் கண்டால் மாற்றிவிடுங்கள்.

படி 5: எரியும்போது அளப்பது

எல்லாவற்றிலும் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். பிளக்கைக் கழற்றிவிட்டு வெறும் ஒயர் முனையை அளந்தால், களிம்பு பிடித்த கனெக்டர் வழியாகக்கூட மீட்டர் முழு 24 வோல்ட்டைக் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு குறைவு. அதை நம்பி ‘கரண்ட் நன்றாக வருகிறது’ என்று முடிவு கட்டினால் தவறான பாகத்தைத்தான் வாங்குவீர்கள். விளக்கு மாட்டியபடி, எரிந்துகொண்டிருக்கும்போது, பிளக்கின் பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து அளக்க வேண்டும்.

எஞ்சினை நிறுத்தி, ஹை பீம் போடுங்கள். பேட்டரியில் 24.6 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். விளக்கின் ஹை பீம் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே 20.9 வருகிறது. அப்படியானால் 3.7 வோல்ட் வழியில் தொலைந்துவிட்டது. எங்கே? மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை விளக்கின் எர்த் முனையிலும் வையுங்கள். 2.6 காட்டினால் அவ்வளவும் எர்த் பக்கத்து இழப்பு. அடுத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கும் விளக்கின் ஹை பீம் முனைக்கும் இடையே அளந்தால் மீதி 1.1 வரும். இரண்டையும் கூட்டினால் 3.7. கணக்கு உதைத்தால் ஊசி எங்கோ சரியாகப் படவில்லை.

இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜின் ஏறக்குறைய 3.4ஆவது அடுக்குக்கு ஏற்ப மாறும். 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் சுமார் 30 சதவீதம் வெளிச்சம் போய்விடும். மேலே சொன்ன 20.9 வோல்ட்டில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் கிடைக்கும். ‘பழைய வண்டி, வெளிச்சம் இவ்வளவுதான்’ என்று பலர் சமாதானம் சொல்லிக்கொள்வது இந்த இழப்பைத்தான்.

என் அளவுகோல்: எர்த் பக்கம் மொத்தம் 0.3 வோல்ட்டுக்குள், பாசிட்டிவ் பக்கம் 0.7க்குள் இருந்தால் நல்ல வயரிங். ஒரே ஒரு கனெக்டரின் இரு பக்கமும் அளந்து 0.1க்கு மேல் வந்தால் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

படி 6: எர்த்தைச் சரிசெய்வது

விளக்கின் எர்த் ஒயர் முன்பக்க உலோகத்தில் போல்ட் செய்யப்பட்டிருக்கும். அங்கிருந்து ஃபெண்டர், சேஸிஸ், பேட்டரி என்று மின்சாரம் திரும்பிப் போக வேண்டும். இந்த வண்டிகள் பணியில் இருந்த காலத்தில் பலமுறை பெயின்ட் அடிக்கப்பட்டவை, பெரும்பாலும் எதையும் கழற்றாமலே. போல்ட், வாஷர், லக் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பச்சைப் படலம் மூடியிருக்கும்.

போல்ட்டைக் கழற்றி, லக்கின் இரு பக்கமும், அது உட்காரும் இடத்தில் ஒரு நாணயம் அளவுக்கும், வெள்ளி போல மின்னும் வரை தேயுங்கள். லக்குக்கும் உலோகத்துக்கும் நடுவே பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவி, அப்புறம் பெயின்ட்டால் மூடுங்கள். பெயின்ட் கடைசியில்தான். இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள். இழப்பு பாதி மட்டுமே குறைந்திருந்தால் ஃபெண்டருக்கும் சேஸிஸுக்கும் இடையில் துரு இருக்கிறது. அதற்காக ஃபெண்டரையே கழற்ற வேண்டியதில்லை. விளக்கின் எர்த் இடத்திலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு 12 கேஜ் ஒயர் இழுத்துவிடலாம். அசல் வயரிங்கில் கை வைக்காத, எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடக்கூடிய மாற்றம் இது. மனசாட்சி உறுத்தாமல் செய்யலாம்.

பேட்டரி நெகட்டிவ் கேபிள் சேஸிஸில் சேரும் இடத்தையும் இதேபோல் சுத்தம் செய்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றும் என்பது கூடுதல் லாபம்.

படி 7: கனெக்டர்கள்

ரப்பர் உறை போட்ட, ஒரு ஒயருக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும் செருகு கனெக்டர்கள் இவை. ரப்பரைப் பிடித்து, லேசாகத் திருகியபடி இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

பிரித்ததும் உள்ளே பாருங்கள். பித்தளை மங்கியிருந்தால் கிளீனரும் பிரஷும் போதும். பச்சைக் களிம்பு ஒயருக்குள்ளேயே ஏறி, செம்பு இழைகள் கருத்துப்போயிருந்தால், பளபளக்கும் செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் புது முனை போட வேண்டும். புது முனை போடும்போது ரப்பர் உறையை முதலில் ஒயரில் கோர்த்துவிடுங்கள், எண் பட்டையையும் சேர்த்துத்தான். அதன் பிறகு முனையை கிரிம்ப் செய்து, முனையின் பின்னால் உட்காரும் பிளவு வாஷரை மாட்டி, உறையை முன்னால் இழுத்து மூட வேண்டும். உறை நகர மறுத்தால் கொஞ்சம் ஆல்கஹால் தடவுங்கள். எண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். கடைசியாக டைஎலக்ட்ரிக் கிரீஸை மெல்லிசாகத் தடவி, ‘க்ளக்’ என்று உட்காரும் வரை அழுத்துங்கள்.

படி 8: டிம்மர் சுவிட்ச்

பாவம், இது இருக்கும் இடம் அப்படி. தரையில், கால் சேறும் மழைத்தண்ணீரும் வடியும் மூலையில் இருக்கிறது. 16ஆம் எண் ஒயரைக் கழற்றி, ஜம்பர் வழியாக 17ல் இணைத்தால் ஹை பீமும், 18ல் இணைத்தால் லோ பீமும் எரிய வேண்டும். ஜம்பரில் எரிந்து, சுவிட்சில் எரியவில்லை என்றால் சுவிட்சை மாற்றுங்கள். விலை குறைந்த பாகம், சுத்தம் செய்து காப்பாற்ற முயல்வது வீண்.

படி 9: லைட் சுவிட்ச்

இது விலை உயர்ந்த பாகம். அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறேன். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சுவிட்சை முன்னால் இழுத்து, பின்னால் உள்ள உருண்டைப் பிளக்கின் வளையத்தைத் திருகிக் கழற்றுங்கள். எந்த ஊசியாவது மற்றவற்றைவிட உள்வாங்கியிருக்கிறதா, கறுத்திருக்கிறதா, களிம்பேறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சுவிட்ச் கெட்டுவிட்டது என்று ஒதுக்கப்படுபவற்றில் கணிசமானவை இந்தப் பிளக்கைச் சுத்தம் செய்தாலே உயிர்பெறும்.

சுத்தம் செய்தும் பலனில்லை என்றால், 15ஆம் எண் ஒயர் சேரும் துளைக்கும் 16ஆம் எண் ஒயர் சேரும் துளைக்கும் ஃபியூஸ் உள்ள ஜம்பரை வைத்து, பேட்டரியை மறுபடி மாட்டுங்கள். ஹெட்லைட் எரிந்தால் சுவிட்ச்தான் குற்றவாளி. எரியவில்லை என்றால் 15ல் மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லைட்டால் பாருங்கள். அங்கேயே இல்லை என்றால் பிரேக்கரின் இரு முனைகளையும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு முனையில் 24, மறுமுனையில் ஒன்றுமில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

ஷார்ட் இருந்தால்

பிரேக்கர் திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஒரு எளிய உத்தி. இரண்டு ஹெட்லைட் பிளக்கையும் கழற்றிவிட்டு, பிரேக்கரின் இரு ஒயர்களையும் பிரித்து, அவற்றுக்கு நடுவே ஒரு 24 வோல்ட் ஹெட்லைட் பல்பைத் தொடராக மாட்டுங்கள். லைட் சுவிட்சைப் போட்டதும் அந்தப் பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் உறுதி. பல்பே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் ஒயர் கருகாது, நிதானமாகத் தேடலாம். 17, 18 என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே வாருங்கள். எதைப் பிரித்ததும் பல்பு மங்குகிறதோ அந்த ஒயரில்தான் பழுது. கேபினிலிருந்து எஞ்சின் பக்கம் ஒயர் நுழையும் ஓட்டை, ரேடியேட்டர் ஓரம், ஃபெண்டருக்கு அடியில் உள்ள கிளிப்புகள் ஆகிய இடங்களில் உறை தேய்ந்து செம்பு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்.இ.டி. போடலாமா?

போடலாம். 24 வோல்ட்டுக்கான 7 அங்குல விளக்காக இருக்க வேண்டும், எஞ்சின் ஓடும்போது வரும் 28 வோல்ட்டைத் தாங்க வேண்டும். இழை பல்புக்கு எந்த முனை பாசிட்டிவ் என்ற கவலை இல்லை, எல்.இ.டி.க்கு உண்டு. எர்த் மாறினால் எரியாது. ஆனால் கெட்ட எர்த்தையும் களிம்பேறிய கனெக்டரையும் மறைப்பதற்காக எல்.இ.டி. வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வயரிங்கைச் சரிசெய்துவிட்டு அசல் சீல்டு பீமில் ஒரு இரவு ஓட்டிப் பாருங்கள், அப்புறம் முடிவெடுக்கலாம்.

கடைசிச் சோதனை

எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஐடிலைக் கொஞ்சம் ஏற்றி, ஹெட்லைட் போட்டபடி பேட்டரியில் அளந்தால் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 29ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைப் பாருங்கள், இல்லையென்றால் புது பல்புகள் சீக்கிரமே ஒவ்வொன்றாகப் போகும். ஹை பீம், லோ பீம், பார்க்கிங், பிளாக்அவுட் என்று சுவிட்சின் எல்லா நிலைகளையும் ஒருமுறை போட்டுப் பார்த்து, யாரையாவது பின்னால் நிற்கவைத்து பிரேக் லைட்டையும் சரிபாருங்கள். பல்பைக் கழற்றி மாட்டியிருந்தால் வெளிச்சம் விழும் திசை மாறியிருக்கும், சுவருக்கு நேரே வண்டியை நிறுத்திச் சரிசெய்யுங்கள். கடைசியாக, ஒவ்வொரு விளக்கிலும் எர்த் பக்கம், பாசிட்டிவ் பக்கம் இரண்டிலும் கிடைத்த இழப்பு அளவுகளைத் தேதியோடு கையேட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வெளிச்சம் மங்கினால் எந்த எண் ஏறியிருக்கிறது என்று பார்த்தே தேடலைத் தொடங்கிவிடலாம்.